பிடியரிசிப் பானையிலிருந்து தொடங்கலாம்: தென்மாவட்டத் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர்களுக்கும், சேகரத் தலைவர்களுக்கும், குருமார்களுக்கும், சேகர கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

மிசோரம் மாநிலத்தின் கிழக்கு எல்லையில் தியாவ் என்றொரு ஆறு ஓடுகிறது. கோடையில் நடந்தே கடந்துவிடக்கூடிய அந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம் நாட்டின் சோக்காவ்தார் கிராமம், அந்தப் பக்கம் மியான்மரின் ரிக்காவ்தார். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய நாளிலிருந்து, அந்நாட்டின் சின் மாநிலத்து மக்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு இந்த ஆற்றைக் கடந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை ஏந்திக்கொண்டவை மிசோரத்தின் கிராமங்களும், அந்தக் கிராமங்களின் திருச்சபைகளும். அந்தப் பாரத்தில் நம் திருச்சபைகளும் தோள் கொடுக்க வேண்டும், அதை வரும் அறுப்பின் பண்டிகையிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

வந்தவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் பாப்திஸ்து சபையினரே அதிகம். தாந்த்லாங் என்ற மலைநகரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்தார்கள். 2021 செப்டம்பரில் இராணுவத்தின் குண்டுவீச்சில் அங்கே வீடுகள் பற்றியெரிந்தபோது, தீயை அணைக்க ஓடிய இளம் பாப்திஸ்து போதகர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் முழுவதும் காலியானது. அடுத்த மாதமே 160க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன, தேவாலயங்களும் தப்பவில்லை. அந்த ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள் பலர் இன்று மிசோரத்தின் மூங்கில் குடிசைகளில் இருக்கிறார்கள்.

2021 மார்ச் 10 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் எல்லையோர மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், எவரையும் அகதி என்று ஏற்க மாநில அரசுகளுக்கு அதிகாரமில்லை, வருபவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்புங்கள் என்றது. எட்டே நாளில் அன்றைய முதலமைச்சர் சோரம்தாங்கா, இதை மிசோரம் ஏற்க இயலாது, வருகிறவர்கள் எங்கள் இரத்த உறவுகள் என்று பிரதமருக்கு எழுதினார். ஒரு முதலமைச்சர் அப்படி எழுத முடிந்தது என்றால், அதற்குள் ஊர்கள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இளம் மிசோ சங்கத்தின் கிளைகள் மூங்கில் வெட்டித் தார்ப்பாய் போட்டுக் குடிசை கட்டிக்கொடுத்தன. திருச்சபைகள் காணிக்கை எடுத்தன. அரிசி, காய்கறி, விறகு, கம்பளி என்று வீடுவீடாகச் சேர்த்தார்கள். அகதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள 2021லேயே மாநிலக் கல்வித்துறை வழிசெய்தது.

இந்த உதவியின் அளவு நமக்குச் சரியாகப் புரிய வேண்டும். மிசோரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 11 லட்சம். அங்கே மியான்மரிலிருந்து வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர். 2022 இறுதியில் வங்கதேசத்தின் மலைப்பகுதியிலிருந்து பாவ்ம் இனத்தவர் வந்தார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் மூண்டதும் அங்கிருந்து 12,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இப்படி வந்த எல்லோரையும் கூட்டினால் உள்ளூர்வாசிகள் நூறு பேருக்கு ஏறத்தாழ நான்கு விருந்தாளிகள். இதே கணக்கைத் தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 28 லட்சம் பேர் வருகிறது. பெரிய தொழிற்சாலைகளோ பெரிய வருவாயோ இல்லாத ஒரு மலைமாநிலம் இதைச் சுமக்கிறது.

எப்படி முடிகிறது? அதற்கான விடை அவர்களுடைய அடுப்படியில் இருக்கிறது. மிசோ கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சபைப் பெண்கள் வீடுவீடாகச் சென்று சேர்ப்பார்கள். 'பூஃபாய் தாம்' என்று பெயர் கொண்ட அந்த வழக்கம் 1910 முதல் இருக்கிறது. அந்த அரிசியே அகதிகளின் இலைக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. அது சபையின் பொது ஊழியத்துக்கானது. ஆனால் நூறாண்டுக்கு மேலாக வேளைதோறும் பிறருக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்துப் பழகிய கை, ஆற்றங்கரையில் பசித்து நிற்பவரைப் பார்த்ததும் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்காது.

இது நமக்கும் அந்நியமான வழக்கமில்லை. என் பாட்டியின் அடுப்படியில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்பானை இருந்தது. அரிசி களைவதற்கு முன் ஒரு பிடியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் தட்டுப்பாடான மாதங்களில்கூட அந்தப் பிடி சிறுத்ததே தவிர நின்றதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்து அக்காமார் கோணிப்பையோடு வருவார்கள். இப்போது எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் சபைகளின் வட்டாரத்தில், அதற்குப் பதிலாகக் காணிக்கை உறை கொடுக்கிறோம்.

இன்னொரு கடனும் நமக்கு உண்டு. என் பாட்டியின் அண்ணன் ரங்கூனில் வேலை பார்த்தவர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, நடந்தே இந்தியாவுக்கு வந்த லட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். மணிப்பூர் மலைகளில் காய்ச்சலோடு விழுந்து கிடந்தவரை, பேச்சே புரியாத ஒரு மலைக்குடும்பம் நான்கு நாள் வைத்திருந்து கஞ்சி கொடுத்து அனுப்பியது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தக் குடும்பத்தின் இனம் எது, ஊர் எது என்று அவருக்கே தெரியாது. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேறிய நம்மவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் மியான்மர் எல்லையிலுள்ள மணிப்பூரின் மோரேயில் தமிழ்ச் சங்கம் வைத்து வாழ்கிறார்கள். அந்த மலைப்பாதைகள் தமிழர்களுக்கும் தெரிந்தவைதான்.

எங்கள் சேகரக் கூட்டத்தில் இதைப் பேசியபோது, மண்டபம் முகாமிலும் மற்ற மறுவாழ்வு முகாம்களிலும் நம் இலங்கைத் தமிழர்கள் இருக்கும்போது மிசோரத்துக்கு ஏன் போக வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நூற்றுக்கும் மேற்பட்ட அந்த முகாம்களில், இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் இன்னும் செய்யாதது நிறைய. ஆனால் இரண்டும் ஒரே கோரிக்கை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. மியான்மரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு அப்படியொரு விலக்கு இல்லை. நம் மக்களுக்குக் கிடைத்த அந்தச் சிறு நிழல் அவர்களுக்கும் வேண்டும் என்று கேட்க, அதன் அருமை தெரிந்த நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

மிசோக்களுக்கும் சின் மக்களுக்கும் இடையே எப்போதும் இதே இணக்கம் இருந்ததில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2003இல் ஒரு குற்றச்சம்பவத்தை அடுத்து ஆயிரக்கணக்கான சின் மக்கள் மிசோரத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். ஆண்டுக்கணக்காக நீளும் விருந்தோம்பல் எந்த ஊரையும் களைப்படையச் செய்யும். இப்போது போரின் செய்தி பழசாகி, வெளியிலிருந்து வரும் உதவியும் குறைந்துவருகிறது. தோள் மாற்ற ஆள் இல்லாவிட்டால் சுமப்பவர் எத்தனை நாள் சுமப்பார்? அதனால்தான் நம் பங்கை இப்போதே கேட்கிறேன்.

ஒவ்வொரு சேகரமும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கிடைக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, திருமண்டலத்தின் வழியாக மிசோரத்தின் பிரஸ்பிட்டீரியன், பாப்திஸ்து திருச்சபைகளுக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். எதை வாங்குவது என்று நாம் இங்கிருந்து தீர்மானிக்க வேண்டாம். அங்கே தேவைப்படுவது அரிசியா, தார்ப்பாயா, பள்ளிக் கட்டணமா என்பது அவர்களுக்குத் தெரியும். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, நாம் வைக்கும் பெரிய அண்டாக்களில் ஒன்றைக் குறைத்தாலே இந்தத் தொகையில் ஒரு பகுதி தேறிவிடும். இதனோடு, எவரையும் போர்முனைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற மனுவில் பேராயர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டுப் பிரதமருக்கு அனுப்ப வேண்டும். பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேரையாவது சோக்காவ்தார் இருக்கும் சம்பாய் மாவட்டத்துக்கு அனுப்பிவைத்தால், அவர்கள் திரும்பி வந்து சபையில் சொல்வது என் மடலைவிட நன்றாக எடுபடும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி எங்கள் சேகரச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் சேகரங்களிலும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மண்பானை இல்லை. ஒரு எவர்சில்வர் டப்பாவை அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். முதல் வாரத்தில் ஒன்றேகால் கிலோ சேர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபை மக்களில் ஒருவர்