ஆறு குஞ்சுக்கு ஒரு குப்பியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முதன்முறையாகக் கோழி வளர்க்கப் போகிறோம். கீரி, நாய் நுழையாதபடி வலை அடித்து, கூண்டில் உமி பரப்பியாயிற்று. அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடாமலிருக்க சேவல் வேண்டாமென்று முடிவு செய்தோம். முட்டையிட அது தேவையும் இல்லை.

கவலையெல்லாம் கோழிகளை வேகமாகத் தாக்கிக் கொல்லும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சல்தான். அதைத் தடுக்க, முதல் வாரத்திலேயே குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். ஆனால் ஒரு குப்பியே நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கானது. கரைத்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும். வாங்கப்போகும் ஆறு குஞ்சுக்காக மீதியைக் கொட்டுவதற்கு மனம் வரவில்லை.

அரசு கால்நடை மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கலாம். சுற்றுவட்டாரத்தில் வளர்ப்பவர்கள் எல்லாரும் அன்றைக்குக் குஞ்சுகளோடு வந்துவிடுவோம். அப்புறம், இதே நோய்க்கு எட்டாவது வாரத்தில் போடும் ஊசிக்கும் நகர வார்டுகளிலேயே முகாம் நடத்த வேண்டும்.

- வாசகி, செல்லூர், மதுரை