ரத்தத்தைத் துடைக்கும் கைகளுக்காக: பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பள்ளிச் செவிலியராக வேலை பார்ப்பவள். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பிள்ளைகளின் ரத்தத்தைத் தொட நேரும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கான தடுப்பூசி, கையுறை, பயிற்சி மூன்றையும் பள்ளிச் செலவிலேயே கொடுங்கள். அவர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருந்தாலும் சரி, ஒப்பந்தக்காரர் அனுப்பியவராக இருந்தாலும் சரி.

பள்ளிக்கூடத்தில் அப்படி என்ன ரத்தம் வந்துவிடப்போகிறது என்று நினைக்க வேண்டாம். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளை, பாடம் நடக்கும்போதே மூக்கில் ரத்தம் வழியும் பிள்ளை, ஆடிய பல் விழுந்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவரும் பிள்ளை என்று சாதாரண நாளிலேயே வந்துகொண்டிருப்பார்கள். சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளோடு நாள் முழுக்க இருக்கும் உதவியாளர்களுக்குக் கடியும் கீறலும் வேலையோடு சேர்ந்தே வருகின்றன. தோல் கிழியும்படி கடித்தால் அந்த வழியாகவும் ஹெபடைட்டிஸ் பி தொற்றலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது கழிப்பறையைச் சுத்தம் செய்யும் அம்மாக்கள்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், குப்பைக் கூடையில் நிரம்பி வழியும் நாப்கின்களை வெறும் கையால் உள்ளே அழுத்திவிட்டுத்தான் பையின் வாயைக் கட்டுவார் ஒருவர். அழுத்தாவிட்டால் முடிச்சு விழாது. கனத்த பை காலில் உரச உரசத் தூக்கிக்கொண்டு போவார். சர்க்கரை நோயுள்ள பிள்ளை யாராவது விரல் குத்திப் பார்த்த ஊசியை அந்தக் கூடையில் போட்டிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? கையுறைப் பெட்டி அலுவலக பீரோவில் இருந்தது. சாவி எழுத்தரிடம் இருந்தது.

ரத்தத்தின் வழியாகப் பரவுபவற்றில் முக்கியமானவை மூன்று: ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. எல்லோரும் அஞ்சுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 1000-ல் சுமார் 3 தான். ஹெபடைட்டிஸ் சி அதிகபட்சம் 100-ல் 2. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்போ 100-ல் 6 முதல் 30 வரை. அந்தக் கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். மூன்றில் எளிதாகத் தொற்றுவது இதுதான், தடுப்பூசி இருப்பதும் இது ஒன்றுக்குத்தான். அப்படியிருந்தும் நம் பள்ளி ஊழியர்கள் எத்தனை பேர் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

"எந்தப் பிள்ளைக்கு நோய் என்று சொல்லிவிட்டால் நாங்கள் ஜாக்கிரதையாக இருப்போமே" என்று ஊழியர்கள் கேட்பதுண்டு. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் தயவுசெய்து அப்படி ஒரு பட்டியல் தயாரித்துவிடாதீர்கள். 2022 நிலவரப்படி உலகில் சுமார் 25 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளையின் ரத்தத்தை வெறுங்கையால் துடைப்பார்கள், பெயர் இருக்கும் பிள்ளை ஒதுக்கப்படும். 1985-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் ரயான் ஒயிட் என்ற சிறுவனுக்கு நடந்தது அதுதான். ரத்தம் உறையாத நோய்க்குக் கொடுத்த மருந்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றிய அவனைப் பள்ளிக்குள் விட மறுத்தார்கள். பக்கத்தில் உட்காருவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமலாலோ, கண்ணீராலோ, வியர்வையாலோ எச்.ஐ.வி. பரவாது. எல்லார் ரத்தத்திலும் கிருமி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஒரே மாதிரி நடந்துகொண்டால் ஊழியருக்கும் பாதுகாப்பு, பிள்ளையின் மானமும் காப்பாற்றப்படும்.

செய்ய வேண்டியது ஒன்றும் மலைக்க வைக்கும் வேலை இல்லை. கையுறை போட்டுக்கொண்டு முதலில் காகிதத் துண்டால் ரத்தத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றன்றைக்குக் கலந்த கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைக் கையால் பொறுக்கக் கூடாது, துடைப்பமும் முறமும் போதும். ஊசிகளுக்கு, குத்தினாலும் துளைக்காத கெட்டியான டப்பா ஒன்று வேண்டும். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துக் கழற்ற வேண்டும், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையுறைதான் போட்டிருந்தோமே என்று கழுவாமல் விடுவது நிறைய பேரின் வழக்கம்.

இத்தனைக்குப் பிறகும் ஊசி குத்திவிடலாம். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணில் தெறித்திருந்தால் நிறையத் தண்ணீரால் அலச வேண்டும். அடுத்து உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவுசெய்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர் அதைப் போட்டுக்கொள்ள முதல் 24 மணி நேரம் மிக முக்கியம். ஆனால் தினக்கூலிக்கு வருபவர் இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வார்? "உன்னை யார் அங்கே கை வைக்கச் சொன்னது" என்ற கேள்விக்குப் பயந்து சேலைத் தலைப்பில் விரலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே, சொல்பவர்மேல் நடவடிக்கை இருக்காது, சிகிச்சைச் செலவும் அன்றைய சம்பளமும் பள்ளியுடையது, விஷயம் வெளியே போகாது என்று எழுத்தில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வேலையில் ரத்தத்தைத் தொட நேருபவர்களுக்கு, பணியில் சேர்ந்த பத்து வேலை நாட்களுக்குள் இந்தத் தடுப்பூசியை முதலாளி இலவசமாக வழங்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1991-லேயே விதி போட்டுவிட்டார்கள். உங்களுக்கு அப்படி ஒரு விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வழக்கமான முறையில் தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. இன்று தொடங்கினாலும் முடிக்க அரை வருடம் ஆகும் என்பதால் பட்டியலை இந்த வாரமே எழுதிவிடுங்கள். கழிப்பறை கழுவுபவர்கள், ஆயாக்கள், வாகன உதவியாளர்கள், உடற்பயிற்சி ஆசிரியர்கள் என்ற வரிசையில் எழுதுங்கள். கழிப்பறை கழுவுபவர்களின் பெயர் உங்கள் பதிவேட்டில் இல்லையென்றால் ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளிச் செவிலியர்