பேக் ஆடுகிறவருக்கு ஒரு கோப்பை: பிரான்ஸ் ஃபுட்பால் இதழுக்குத் திறந்த மடல்

ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கு பாலன் டி'ஓர் விருது வழங்கும் பிரான்ஸ் ஃபுட்பால் இதழின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் விருது மேடையில் இளம் வீரருக்கு கோபா பெயரில் கோப்பை இருக்கிறது. கோல்கீப்பருக்கு 2019 முதல் யாஷின் பெயரில் இருக்கிறது. கோல் அடித்துக் குவிப்பவருக்கு கெர்ட் முல்லர் பெயரில் இருக்கிறது. பேக் ஆடுகிறவருக்கு, அதாவது தடுப்பாட்டக்காரருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் இத்தாலிக்கும் அந்த நாட்டின் ஏசி மிலான் கிளப்புக்கும் தடுப்பாட்டம் ஆடிய பாவ்லோ மால்தினி பெயரில் ஒரு கோப்பை வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1994 மே மாதம், ஏதென்ஸில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஏசி மிலானின் நடு அரண்களான பரேசி, கோஸ்டகூர்டா இருவருக்கும் தடை. எதிரே ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும் ஆடும் பார்சிலோனா. இடது ஓரத்தில் ஆடி வந்த மால்தினியை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். மிலான் நான்கு கோல் போட்டது; பார்சிலோனாவால் ஒன்றுகூடப் போட முடியவில்லை. இரண்டே மாதத்தில் உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்டாய்ச்கோவின் பல்கேரியாவை இத்தாலி 2-1 என்று வென்றது. ஸ்டாய்ச்கோவ் அடித்த அந்த ஒரு கோலும் பெனால்டியில் வந்தது. இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் ரொமாரியோவும் பெபெட்டோவும் 120 நிமிடம் முட்டிப் பார்த்தும் கோல் விழவில்லை. இங்கே எங்களுக்கு அது நடுராத்திரி. பெனால்டியில் இத்தாலி தோற்று முடியும்வரை நான் கண்ணை மூடவில்லை.

அந்த ஆண்டு பாலன் டி'ஓர் ஸ்டாய்ச்கோவுக்குப் போனது. மால்தினிக்கு மூன்றாம் இடம். ஸ்டாய்ச்கோவ் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பெரிய ஆட்டங்களில் அவரைக் கட்டிப்போட்ட அணியின் தடுப்பில் நின்றவர் அவருக்குக் கீழே நின்றார். 2003-லும் இதே கதைதான். இன்னொரு இத்தாலிய கிளப்பான யுவென்டஸை வென்று மிலான் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது, தூக்கிய கேப்டன் மால்தினி. விருது யுவென்டஸின் நெட்வெட்டுக்கு. மால்தினி மறுபடியும் மூன்றாவது. (1963-ல் இதே கோப்பையை மிலானுக்காக இங்கிலாந்து மண்ணில் தூக்கியவர் அவருடைய அப்பா செசாரே. நாற்பது வருடம் கழித்து மகனும் இங்கிலாந்திலேயே தூக்கினார்.)

மால்தினி 16 வயதில், 1985 ஜனவரியில் உதினேயில் மிலானுக்காக முதன்முதலில் இறங்கினார். 2009 மே மாதம் விடைபெறும்போது 40 வயது. மிலானைத் தவிர வேறு கிளப் இல்லை. 902 ஆட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள், ஏழு லீக் பட்டங்கள், இத்தாலிக்காக 126 ஆட்டங்கள். அவரது 3-ஆம் எண் சட்டையை கிளப் ஒதுக்கிவைத்துவிட்டது.

உலகக் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 1990, 1994, 1998 மூன்றிலும் பெனால்டியில் வெளியேறினார்கள். 2002-ல் தென் கொரியாவின் ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் அடித்த கோல்டன் கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தை முடித்துவிடும் கோல்), மால்தினிக்கு மேலே எழும்பி அடித்தது. அந்த ஒரு படம் இன்றும் சுற்றுகிறது. அவர் தடுத்ததற்கெல்லாம் படமே இல்லை. தடுப்பவனின் பாடு இதுதான்.

நானும் எங்கள் ஊர் அணியில் பத்து வருடம் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுவில் நின்று தடுக்கும் இடத்தில் ஆடியவன். ஃபார்வர்டு ஓடப்போகும் பக்கத்தில் முன்கூட்டியே போய் நின்றுவிட்டால் அந்தப் பந்தே வராது. பாஸ் கொடுக்கிறவன் வேறு பக்கம் திரும்பிவிடுவான். நடக்காமல் போன ஒன்றை எந்த ஹைலைட்ஸில் காட்ட முடியும்? வலது காலன் மால்தினி இடது பக்கத்திலும் நடுவிலும் நின்றுகொண்டு கால் நூற்றாண்டு செய்தது இந்த வேலையைத்தான்.

1956-லிருந்து உங்கள் விருதை வென்ற தடுப்பாட்டக்காரர்கள் பெக்கன்பவர், சம்மர், கன்னவாரோ மூன்று பேர்தான். முதல் இருவரும் முன்னேறிப் போய் ஆட்டத்தை நடத்தியதால் கண்ணில் பட்டவர்கள். நின்று தடுத்தே வென்றவர் என்று நான் சொல்வது கன்னவாரோவை மட்டும்தான். அதற்கும் 2006 உலகக் கோப்பை தேவைப்பட்டது. 2019-ல் வான் டைக் இரண்டாம் இடத்தோடு நின்றார்.

பெரிய விருதின் விதியை மாற்றச் சொல்லவில்லை. புதிதாக ஒரு கோப்பை போதும். அதற்கு வாக்களிக்கும் பத்திரிகையாளர்களிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: கோல் தொகுப்பைப் பார்த்து எழுதாமல், 90 நிமிடமும் பந்து இல்லாத இடத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த விழாவுக்கு முன்பே இதை எடுத்துப் பேசுவீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு பழைய ஸ்டாப்பர் பேக்