கோவில் கமிட்டிகளுக்கு: அந்தப் பூவை எங்களுக்குக் கொடுங்கள்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கோவில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நன்கொடை கேட்டு இதை எழுதவில்லை. பூஜை முடிந்ததும் நீங்கள் குப்பைத் தொட்டியில் போடுவதைத்தான் கேட்கிறேன்.

பல்கலைக்கழக விடுமுறை முழுக்க ஒரு சமூகத் தோட்டத்தில் வேலை செய்தேன். பங்சாரில் 2017இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் என்ற சமூகத் தோட்டத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைப்போலவே எங்களுடையதும் உயர்மின் கம்பிகளுக்கு அடியில் சும்மா கிடந்த நிலம்தான், ஆனால் அதைவிட ரொம்பச் சின்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) கூடும் உழவர் சந்தையில் மேசை போட்டு முருங்கைக்கீரை, பாயாம் கீரை, கத்தரிக்காய், வெண்டி, செராய் (எலுமிச்சைப்புல்), வாழையிலை எல்லாம் விற்போம். கூட்டம் நன்றாகவே வரும். தோட்டப்புறத்தில் லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி வளர்ந்தவர்கள் நிறைய பேர். அவர்களுக்குக் கீரையைத் தொட்டாலே போதும், எப்போது பறித்தது என்று சொல்லிவிடுவார்கள். தூதுவளை இருக்கிறதா, பிரண்டை இருக்கிறதா என்று கேட்டு எங்களைத் திணறடிப்பவர்களும் அவர்களே.

எங்களுக்குப் பெரிய தலைவலி மண்தான். சிவப்புக் களிமண். மத்தியானம் ஒரு மழை அடித்தால் மேல்மண் கால்வாயில் ஓடிவிடும், இரண்டு நாள் வெயில் காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. அதற்கு ஒரே மருந்து மட்கிய உரம். சந்தையில் கிடைக்கும் காசில் பாதி சுங்கை பூலோ நர்சரிகளில் உரமூட்டை வாங்கவே போய்விடுகிறது. இந்த நிலையில்தான் ஒரு ஆடி வெள்ளிக்கு மறுநாள் கோவில் பின்வாசலைப் பார்த்தேன். சாமந்தியும் ரோஜாவும் துளசியும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வாசலில் கட்டிய இரண்டு வாழைமரங்களையும் குலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அப்படியே சாய்த்துப் போட்டிருந்தார்கள். வாழைத்தண்டு முழுக்க நீரும் சாம்பல்சத்தும். துண்டு போட்டுச் செடியைச் சுற்றி அடுக்கினால் வெயில்நாளில் பாத்தி காயாமல் இருக்கும்.

கோலாலம்பூர் குப்பை தாமான் பெரிங்கின் குப்பை மாற்று நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பெரிய லோரிகளில் ஹுலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கே காற்றுப்படாமல் புதைந்து அழுகும் பூவிலிருந்து மீத்தேன் வாயுதான் கிளம்பும். வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடும் விதி இந்த ஊரில் 2015 செப்டம்பரிலேயே நடப்புக்கு வந்துவிட்டது. வீட்டில் செய்வதைக் கோவிலிலும் செய்யலாமே.

ஒரு கோவில் அலுவலகத்தில் இதைக் கேட்டபோது, "சாமிக்குப் போட்ட பூம்மா, கோழிச்சாணத்தோட கலக்கலாமா? கால் படுமே" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. நிர்மால்யத்தை, அதாவது சாமிக்குச் சாத்திக் களைந்த பூவை, மரத்தடியிலோ ஓடும் தண்ணீரிலோ சேர்ப்பதுதான் நம் வழக்கம். ஆனால் இப்போது அது எங்கே போகிறது ஐயா? கறுப்புப் பிளாஸ்டிக் பையில், பக்கத்துக் கடையின் கோழி எலும்போடு, ஒரே லோரியில். எங்களிடம் கொடுத்தால் பூவுக்கென்று தனிக் குழி, சுற்றி வேலி, எந்தச் சாணமும் சேராது. வெட்டிப்போட்ட புல், காய்ந்த சருகு, பூ, இவ்வளவுதான். அடுக்கி வைத்த சில நாளில் குவியலுக்குள் கைவைக்க முடியாது, 60 டிகிரிக்குப் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, மழை இறங்காமல் தகரத்தால் மூடினால் இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாக உதிரும்.

அந்த உரத்தைக் கீரைப் பாத்திக்குப் போடமாட்டோம். கடைப்பூவுக்குப் பூச்சிமருந்து அதிகம் அடிக்கிறார்கள். அதனால் துளசி, அரளி, செம்பருத்தி, சாமந்திக்கு மட்டும்தான். அந்தச் செடியில் பூத்ததை உங்கள் சன்னிதிக்கே கொண்டுவந்து தருவோம். அரளி கிடக்கும் மாலையை ஆட்டுக்குப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அரளி ஆட்டைக் கொன்றுவிடும்.

எங்களுக்கு உண்மையான எதிரி நூல்தான். முன்பெல்லாம் வாழைநாரில் கட்டிய மாலை. இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாங்கும் மாலையைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே நைலான் நூல், நடுநடுவே ஜிகினாத் தாள், நுனியில் பிளாஸ்டிக் குஞ்சம். ஒரே மூட்டைப் பூவைப் பிரிக்க மூன்று பேர் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி விரல் வீங்கியது. தப்பிப்போன நூல் புரட்டும்போது மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும். மாலை கட்டித் தருபவர்களிடம் பருத்தி நூல் போடச்சொல்லி நாங்கள் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆண்டு முழுக்க மொத்தமாக வாங்கும் நீங்கள் சொன்னால் மறுவாரமே மாறும்.

எல்லாமே வேண்டும் என்று கேட்கவில்லை. நெய் ஊறிய எலுமிச்சை விளக்கும், குழம்பு ஒட்டிய சாப்பாட்டு இலையும் வேண்டாம், எலி வந்துவிடும். தேங்காய்ச் சிரட்டையும் வேண்டாம். அதில் மழைத்தண்ணீர் ஒரு வாரம் நின்றாலே ஏடிஸ் கொசு கிளம்பிவிடும், டிங்கி வந்தால் முதலில் தோட்டத்தைத்தான் மூடச் சொல்வார்கள். பூ, துளசி, வெற்றிலை, தோரணக் குருத்து, வாழைமரம், சமைக்காத காய்கறித் தோல் போதும்.

அப்புறம் இன்னொன்று. அன்னதானத்துக்கான காய்கறி செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து வருகிறது என்று தெரியும். அந்த விலைக்கும் அந்த அளவுக்கும் எங்களால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் வாழையிலையும் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பறித்து, பசியாறும் நேரத்துக்குள் உங்கள் சமையற்கட்டில் இறக்க முடியும்.

புரட்டாசி சனிக்கிழமைகள் வருவதற்குள் உங்கள் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். மூடிபோட்ட தொட்டி இரண்டை நாங்களே கொண்டுவந்து வைக்கிறோம். எடுப்பதும் கழுவுவதும் எங்கள் வேலை. நடைசாத்தும் நேரத்தையும் பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளைகள் சார்பாக ஒரு மாணவி