என் மகளின் மணிக்கட்டைக் காத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா எழுதுகிறேன். என் மகளுக்கு வயது 11. மூன்று வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிறாள். போன ஐப்பசியில் அவளது வலது மணிக்கட்டில் தொடங்கிய வலி பங்குனியில்தான் முழுதாக விட்டது. கைகொடுத்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று மனசு கேட்கிறது.

முதலில் பள்ளிக்கூட பி.டி. டீச்சருக்கு. வலிக்கிறதா என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் மகள் இல்லை என்றே சொன்னாள். போட்டிக்கு அனுப்பாமல் விட்டுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். நானும் ராத்திரியில் தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஓரிடத்தில் காட்டினோம். சுளுக்கு என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். அவள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறவள் என்று சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. டீச்சர்தான் அவள் தரையிலிருந்து எழுவதைப் பார்த்திருக்கிறார். உள்ளங்கையை ஊன்றாமல் கையை மடக்கி, விரல் முட்டிகளை ஊன்றி எழுந்திருக்கிறாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே கட்டைவிரல் பக்கம் ஒரு விரலால் அழுத்தியதும் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்து, "இது சுளுக்கு மாதிரி தெரியலைங்க, எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே நடுங்குகிறது.

அடுத்து எலும்பு டாக்டர் அம்மாவுக்கு. இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது கை எலும்பின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கறுப்புக் கோடு. இடது கையிலும் அந்தக் கோடு உண்டு, ஆனால் வலது கையில் அது அகலமாக, ஓரம் கலைந்து தெரிந்தது. அதுதான் வளர்ச்சித் தட்டு என்றார். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நீளுவது அந்தக் குருத்தெலும்பில்தானாம். அதைச் சுற்றியிருக்கும் தசைநார்களைவிட அது பலம் குறைந்தது. பெரியவர்களுக்குத் தசைநார் சுளுக்கிக்கொள்ளும் இடத்தில் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு அடிபடும். கையில் தலைகீழாக நிற்பதும், வால்ட் என்கிற தாண்டும் மேசையில் கை ஊன்றிப் பாய்வதும், பின்பக்கமாக வளைந்து கை ஊன்றுவதும் உடம்பின் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் இறக்குகின்றன. கிடுகிடுவென்று உயரம் கூடும் வயதில் அந்தத் தட்டு இன்னும் நொய்ந்து இருக்குமாம்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அதனால் வலியை நம்புங்கள் என்றும் சொன்னார். வலியோடு தொடர்ந்து ஆடினால் தட்டு சீக்கிரமே மூடி, கட்டைவிரல் பக்கத்து எலும்பு குட்டையாக நின்றுவிடலாம். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்து மணிக்கட்டை முட்டும். இதையெல்லாம் என் மகளிடமே, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். பிள்ளை அன்றுதான் சரி என்றாள்.

மாவுக்கட்டு போடவில்லை, கழற்றி மாட்டும் பட்டை போட்டார்கள். எட்டு வாரம் கையில் பாரம் கூடாது. அந்த எட்டு வாரத்தைத் தாங்க வைத்தவர் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் மாஸ்டர். "வீட்டுல இருக்காத, ஹாலுக்கு வா" என்று கூப்பிட்டுக்கொண்டார். கால் வேலை, வயிற்றுப் பயிற்சி, பீம் என்கிற ஒடுங்கிய கட்டை மேல் நடை, குதித்து இறங்குதல் எல்லாம் கை படாமலே செய்ய வைத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட்டில் நான்காவது வந்த நம் நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் 2017-ல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டதையும், 2018-ல் துருக்கியில் தங்கம் வாங்கியதையும் அவளுக்குச் சொன்னவரும் அவர்தான். போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தும், ஒரு வார்த்தை சுணங்காமல் அவரே பெயரை எடுத்துவிட்டார்.

அரைநாள் அரைநாளாக விடுப்பு தந்த பட்டறை அண்ணனுக்கும், தினமும் தலை பின்னிவிட்ட என் அம்மாவுக்கும் நன்றி. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருக்கும் என் தம்பி மார்கழியில் ஒரு வாரம் கூட்டிப்போய் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவிலும் இடது கையால்தான் கம்பியைப் பிடித்தேன் என்று வந்து பெருமையாகச் சொன்னாள்.

அப்புறம் அஸ்தம்பட்டி பிசியோதெரபி அக்கா. தேதி பார்த்து எதையும் தொடங்கவிடவில்லை. அழுத்தினால் வலி இல்லை, முழுதாக மடங்குகிறது என்று பார்த்த பிறகுதான் சுவரில் கை வைத்துத் தள்ளச் சொன்னார். பிறகு நாலு காலில் நிற்பது, அதற்குப் பிறகுதான் தலைகீழ். ஒவ்வொரு படிக்கும் மறுநாள் காலை வலி இருந்ததா என்று போனில் கேட்பார். பிள்ளை ஒளிக்காமல் பதில் சொல்லப் பழகியது அவரிடம்தான்.

போன வாரம் ஹாலில் சுவரில் காலைச் சாய்த்துப் பத்து எண்ணும்வரை நின்றாள். இறங்கி உட்கார்ந்தவள், உள்ளங்கையை விரித்து ஊன்றி எழுந்தாள். மாஸ்டரும் நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் அம்மா, ஆனி மாத எக்ஸ்ரேவுக்கு வருகிறோம். டீச்சரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.