சாவி கூரியரில் வருமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனி போகிறாள். விசா வேலை கூடச் சுளுவாக முடிந்தது, வீடு பார்ப்பதில்தான் படாதபாடு பட்டோம். இணையத்தில் ஓர் அறை, வாடகையும் குறைவு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், 900 யூரோ அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவாராம். பாளையங்கோட்டையில் பத்துக்குப் பத்து அறையென்றாலும் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? ஆனாலும் நான் பேங்குக்குக் கிளம்பிவிட்டேன்! மகள்தான் போட்டோவைப் பெரிதாக்கி, "எப்பா, இந்த பிளக் பாயிண்ட்டைப் பாருங்க, மூணு நீள்சதுர ஓட்டை, இது இங்கிலாந்துல உள்ளது, ஜெர்மனியில ரெண்டு வட்ட ஓட்டைலா இருக்கும்" என்றாள்.

அப்புறம்தான் விசாரித்தோம். அங்கே மாணவர் விடுதிகளை நடத்த 'ஸ்டூடியரெண்டன்வெர்க்' என்று அமைப்புகள் இருக்கின்றன, ஆனால் வரிசை நீளம், அட்மிஷன் வந்த கையோடு எழுதிப்போட வேண்டும். தனியார் வீடென்றால் முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்று சட்டமே இருக்கிறது. குடியேறியதும் நகராட்சியில் முகவரி பதிய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் தேவை. அதைத் தர மழுப்புகிறவரிடம் போகவே வேண்டாம்.

பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் நெல்லைக் கல்லூரிகள், போய்த் திரும்பிய மாணவர்களிடம் வீட்டு விவரங்களை வாங்கி அடுத்த செட்டுக்குக் கொடுத்தால் என்ன?

ஒரு தகப்பன்,
பாளையங்கோட்டை