அளக்காமல் கொட்டப்படும் சிறுநீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திடீர் சிறுநீரகச் செயலிழப்பு என்றதும் எல்லோரும் டயாலிசிஸ் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறோம். நோயாளிகளில் பலரை அந்த இயந்திரம் வரை போகவிடாமல் காக்கக்கூடியது, கட்டிலின் ஓரத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையை மணிக்கொரு முறை குனிந்து பார்த்து அளவைக் குறிக்கும் செவிலியரின் வேலை என்பதை, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிறகு ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) பல மணி நேரம் பிந்தித்தான் உயர்கிறது. சிறுநீரோ பெரும்பாலும் அதற்கு முன்பே குறைந்துவிடுகிறது. சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் (KDIGO) 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்கும் குறைவாக 6 மணி நேரம் சிறுநீர் பிரிந்தாலே அதைச் சிறுநீரகப் பாதிப்பாகக் கொள்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 மணி நேரத்தில் 180 மி.லி. காலையிலும் மாலையிலும் மட்டும் பையைக் காலி செய்து மொத்தக் கணக்கு எழுதும் வார்டில் அந்த 6 மணி நேரம் யார் கண்ணிலும் படாது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், கடும் வயிற்றுப்போக்கோடு வந்த ஒருவரின் அட்டையில் முந்தைய ஷிப்டில் எழுதியிருந்த ‘போதுமான அளவு’ என்பதையே நானும் பார்த்து எழுதினேன். விடியற்காலையில் பையைத் தூக்கிப் பார்த்தபோது கடுந்தேநீர் நிறத்தில் 40 மி.லி. கூட இல்லை. அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துக்கு ஆபத்து என்பதன் அறிகுறியாக இசிஜியில் டி அலைகள் கூர்மையாக உயர்ந்திருந்தன. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

சிறுநீர் குறைந்தால் முதலில் குழாய் தொடைக்கடியில் மடங்கியிருக்கிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே எடைக்கருவியில் எடை பார்ப்பதும் அதே அளவு முக்கியம். ஒரே இரவில் ஒரு கிலோ கூடினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உடலில் தங்கிவிட்டது என்று பொருள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணியோ பொட்டாசியம் கலந்த டிரிப்ஸோ எழுதப்பட்டிருந்தால், கொடுப்பதற்கு முன் ஒரு முறை கேட்கத் தயங்கக் கூடாது. தண்ணீரை ஏன் அளந்து கொடுக்கிறோம் என்பதை உடனிருக்கும் உறவினருக்குப் பொறுமையாக விளக்காவிட்டால், தாகத்தில் தவிப்பவருக்கு அவர்கள் அன்பினால் கொடுக்கும் ஒவ்வொரு குவளையும் கணக்கில் வராமலே போகும்.

ஒரு செவிலியரிடம் கையாள முடியாத அளவுக்கு நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு இவற்றையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. எனவே மருத்துவமனை நிர்வாகங்கள் இத்தகைய நோயாளிகளுக்கு மணிவாரியாக அளவிடும் பைகளையும் போதுமான செவிலியர்களையும் ஒதுக்க வேண்டும். அளவு குறைந்தால் நள்ளிரவிலும் மருத்துவரை நேரடியாக அழைக்கும் உரிமையைச் செவிலியருக்கு எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும். பையைக் காலி செய்யும் பணியாளர்களுக்கும் அளந்து சொல்லிவிட்டே கொட்டும்படி பயிற்சி அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்